தப்பு துணியில்தான்

எங்கள் மாஸ்டரிடம் போய் "அளவெடுங்க" என்று சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். தையல்காரருக்கு அளவெடுக்க என்ன கோபம் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் ஒருமுறை கேட்டேன், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் கடைக்கு வருகிறவர்கள் உடம்புக்குச் சரியாக இருக்கிற ஒரு பழைய சட்டையைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதுதான் அளவுச் சட்டை. அதை மேஜையில் விரித்து, உள்ளங்கையால் நீவி, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். அவ்வளவுதான், புதுச் சட்டை அவர் தலைக்குள் பாதி தைத்து முடிந்திருக்கும். டேப் அவர் கழுத்தில் எப்போதும் தொங்கும், ஆனால் அது சும்மா அழகுக்கு.

"ஆளை நிக்க வச்சு டேப்பைச் சுத்தினா என்ன ஆகும் தெரியுமா? வயித்தை எக்குவான், மூச்சைப் பிடிப்பான், பொய் அளவு குடுப்பான். சட்டைக்கு அப்படியெல்லாம் நடிக்கத் தெரியாது, மாப்ளே" என்பார்.

மாப்ளே என்பது நான். அவர் மனைவி என் அக்கா. கடையில் காஜா எடுப்பது, பொத்தான் வைப்பது, இஸ்திரி போடுவது, வருகிறவர்களிடம் "நாளைக்குக் கண்டிப்பா" என்று சொல்வது, இவையெல்லாம் என் துறைகள். கடைசியில் சொன்னதில்தான் எனக்கு அனுபவம் அதிகம். மாமா என்று கூப்பிட்டால் வேலையில் மரியாதை போய்விடும் என்று முதல் நாளே சொல்லிவிட்டதால், எனக்கும் அவர் மாஸ்டர்தான்.

அவருக்கு இன்னொரு கொள்கை உண்டு. தப்பு எப்போதும் துணியில்தான், உடம்பில் கிடையாது. மளிகைக்கடைக்காரர் வருவார், போன வருடம் தைத்த சட்டையில் வயிற்றுக்கு நேரே இருந்த பொத்தான் தெறித்து ஓடியிருக்கும். தெறிக்காமல் என்ன செய்யும்? நானாக இருந்தால் வாயைத் திறந்து ஒரு வாடிக்கையை இழந்திருப்பேன். மாஸ்டர் சட்டையை வாங்கி முகர்ந்து பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, "இந்த மில் துணியே இப்படித்தாண்ணே, தண்ணி பட்டா சுருங்கிடும்" என்பார். மளிகைக்கடைக்காரரும் அந்த மில்லைத் திட்டிவிட்டு நிம்மதியாகப் போவார். ஒரு தோள் இறங்கிய வாத்தியார் ஒருவர் உண்டு. அவர் கேட்காமலேயே அந்தத் தோளுக்குள் மெல்லிய பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுப்பார். கண்ணாடியில் பார்க்கும்போது அந்த வாத்தியார் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன். மாஸ்டரிடம் நான் கிண்டல் செய்யாத விஷயம் இது ஒன்றுதான்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. ஒரு அறை, ஒரு சமையலறை, கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவு. கடை ஜன்னலையும் அறை ஜன்னலையும் மாஸ்டர் திறக்க விடமாட்டார். காற்று அடித்தால் வெட்டி வைத்த காகிதங்கள் பறந்துவிடும், பள்ளிக்கூட வெள்ளைத் துணியில் தெருப்புழுதி ஏறிவிடும். உள்ளே பஞ்சுத் தூசி மிதக்கும். மாஸ்டர் இருமுவார். எல்லாத் தையல்காரர்களும் இருமுவார்கள், இது பஞ்சு இருமல் என்பார். மழைக்காலத்தில் ஆரம்பித்த பஞ்சு இருமல் கோடை வந்தும் நிற்கவில்லை. அக்கா சுக்கைத் தட்டி வெந்நீரில் போட்டுக் கொடுத்துப் பார்த்தாள். அவளுக்கு மூக்கின் மேல் கோபம். கொடுக்கும்போதே திட்டித்தான் கொடுப்பாள்.

அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு நாலு வயது. விடிந்ததும் வாயைத் திறந்தால் தூங்கும்வரை மூடமாட்டாள் என்பதால் தெருவே அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடும். இளையவன் அப்போது கைக்குழந்தை. வீட்டில் நடப்பது, கடையில் நடப்பது, அம்மா அப்பாவைத் திட்டியது, எல்லாம் ரேடியோவில் உடனுக்குடன் வரும். கடையில் அவளுக்கு ஒரு வேலையும் உண்டு. கீழே சிந்திய பொத்தான்களைப் பொறுக்கி டப்பாவில் போட வேண்டும். சம்பளமாக ஒரு மிட்டாய்.

அந்தக் கோடையில் மாஸ்டர் மகளுக்கு ஒரு மஞ்சள் கவுன் தைத்தார். போட்டுப் பார்த்தால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. முன்பக்கம் முழங்காலைத் தொடுகிறது, பின்பக்கம் ஏறிக்கொள்கிறது. "அளவுக் கவுன் துவைச்சுத் துவைச்சுச் சுருங்கியிருக்கு" என்று சொல்லிப் பின்மடிப்பைப் பிரித்து இறக்கினார். சில நாள் சரியாக இருந்தது. மறுபடியும் ஏறியது. மறுபடியும் பிரித்தார். துணியை மாற்றினார். கத்தரிக்கோலைச் சாணை பிடித்தார். மெஷினைத் திட்டினார். அவருடைய கைக்கு அடங்காத துணி என்று ஒன்று இருந்ததே இல்லை. மகள் கவுன் மட்டும் அவரைப் பாடாய்ப் படுத்தியது.

ரேடியோவின் சத்தமும் கொஞ்சம் குறைந்திருந்தது. மேஜையிலிருந்து குதிக்கிறவள், இப்போது இரண்டு கைகளையும் ஊன்றி மெதுவாக இறங்கினாள். தூக்கத்தில் திடீரென்று அழுதாள். தம்பி வந்ததால் பொறாமை என்று அக்கா முடிவு கட்டினாள். நடக்கும்போது நெஞ்சை நிமிர்த்தி, விறைப்பாக, பெரிய அதிகாரி வருவதுபோல வந்தாள். நாங்கள் சிரித்தோம். பொத்தான் பொறுக்கும்போது குனியாமல், முழங்காலைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்து எடுத்தாள். "பாருக்கா, உன் பொண்ணு யாருக்கும் தலைகுனிய மாட்டா" என்று நான் சொன்னேன். அதற்கும் சிரித்தோம்.

கடைசியில் மாஸ்டர் தன் வித்தையைக் காட்டினார். பின்பக்கத்தில் சுருக்கு வைத்து, துணியைக் கூடுதலாக விட்டு, முதுகின் நடுவில் வண்ணத்துப்பூச்சி மாதிரி பெரிய ரிப்பன் முடிச்சு ஒன்றை வைத்துவிட்டார். கவுன் அப்படியே நேராக விழுந்தது. ரேடியோ தெருவில் ஒரு சுற்று சுற்றி வந்தாள், அவ்வளவுதான். தெருவில் இருந்த அம்மாக்கள் எல்லாம் கடைக்கு வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் முதுகில் ரிப்பன் வைத்த அதே கவுன் வேண்டும். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. புது மாடல் கண்டுபிடித்த பெருமையில் இருமிக்கொண்டே வெட்டினார்.

முதலில் தைத்தது டீக்கடைக்காரர் மகளுக்கு. அவளும் ரேடியோவும் ஒரே வயது, ஒரே உயரம், ஒரே எடை. அதனால் மாஸ்டர் ரேடியோவின் கவுனையே அளவாக வைத்து, கொஞ்சமும் மாற்றாமல் வெட்டித் தைத்தார். மறுநாள் அந்தப் பெண்ணின் அம்மா பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்ன மாஸ்டர், உங்க பொண்ணுக்கு மட்டும் அவ்வளவு அழகா விழுது. இவளுக்குப் பாருங்க, முதுகுல மூட்டை கட்டின மாதிரி தொங்குது."

தொங்கத்தான் செய்தது. பின்பக்கம் ஒரு பிடி துணி வேலையில்லாமல் சுருண்டு கிடந்தது. மாஸ்டர் கவுனைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே கையை விட்டுத் தையலைத் தடவினார். பிறகு உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார். இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் முதுகைக் காட்டி நிற்க வைத்தார். ஒரே துணி, ஒரே வெட்டு, ஒரே தையல். ஒருத்திக்குச் சரியாக இருக்கிறது, இன்னொருத்திக்குத் தொங்குகிறது.  

அவர் கழுத்திலிருந்து டேப்பை எடுத்தார். அந்தக் கடையில் அவர் டேப்பை எடுத்து நான் பார்த்ததே அபூர்வம். ரேடியோவின் கழுத்தடியில் வைத்து முதுகு வழியாக மெதுவாகக் கீழே இறக்கினார். பாதியில் விரல் நின்றது. கவுனைத் தூக்கி, ரிப்பனை ஒதுக்கி, வெறும் முதுகில் கையை வைத்தார். நடு முதுகில் ஒரு எலும்பு மட்டும் வெளியே தள்ளிக்கொண்டு, சின்னதாக ஒரு முடிச்சு மாதிரி நின்றது. மேலே துணியில் ரிப்பன் இருந்த இடம்தான் அது.

"வலிக்குதாம்மா?"

"ராத்திரி வலிக்கும். இப்பக் கொஞ்சம். அப்பா, ரிப்பனை எடுத்துடாதே."

மாஸ்டர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.  டீக்கடைக்காரர் மனைவி, கவுன் மூட்டையை மறந்துவிட்டு, "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க, நான் கடையைப் பாத்துக்கறேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் டாக்டர் இளம்பெண். சிரித்த முகம், மேஜை நிறைய பொம்மைகள். ரேடியோவைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஒரு பொம்மைக் காரைக் கைதவறியதுபோலத் தரையில் போட்டார். "எடுத்துக் குடும்மா" என்றார். ரேடியோ முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு, முதுகை வளைக்காமல், நேராக இறங்கி எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் சிரிப்பதை நிறுத்தவில்லை, ஆனால் கண் மாறிவிட்டது. பொத்தான் பொறுக்கும்போது நாங்கள் சிரித்த அதே காட்சி. எனக்கு அங்கே நிற்கவே கூசியது.

எக்ஸ்ரே, ஸ்கேன், ஊசி குத்தி எடுத்த சோதனை என்று சில நாள் அலைந்தோம். பிறகு டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். முதுகெலும்பில் காசநோய்.

"டிபியா? அது நெஞ்சுலதானே வரும்?" என்றாள் அக்கா.

"பெரும்பாலும் நெஞ்சுலதான். சின்னப் பிள்ளைங்க சிலருக்கு ரத்தத்தோட கலந்து போய் எலும்புல உக்காந்துக்கும். முதுகெலும்புன்னா அதுக்கு ரொம்பப் பிடிக்கும். எலும்பை அரிச்சு, அது சரிஞ்சு, கூன் விழும். அப்படியே விட்டா காலுக்குப் போற நரம்பை அழுத்தி நடக்க முடியாமக்கூடப் போயிடும். ஆனா இவளை நீங்க நேரத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்க. கால்ல நல்ல பலம் இருக்கு. ஆபரேஷன் வேண்டாம். ஒரு வருஷம் போல ஒரு நாளும் விடாம மருந்து, கொஞ்ச காலம் முதுகுக்கு பெல்ட். சரியாயிடும்."

சரியாகிவிடும் என்ற ஒரு வார்த்தைக்காக நான் அந்த டாக்டர் காலில் விழத் தயாராக இருந்தேன். அக்கா விழவில்லை, சண்டைக்குப் போனாள். மகளின் சட்டைக் கையைத் தூக்கி, தோளில் இருந்த தழும்பைக் காட்டினாள். "பிறந்ததுமே டிபி ஊசி போட்டோமே! இதோ பாருங்க! அப்புறம் எப்படி வரும்?"

"போட்டது ரொம்ப நல்லதும்மா. அந்த ஊசி சின்னப் பிள்ளைங்களை மூளைக்காய்ச்சல் மாதிரி பெரிய ஆபத்துல இருந்து நிறையக் காப்பாத்தும். ஆனா அதுவே எல்லாத்தையும் தடுத்துடாது. கூடவே இருக்கிற பெரியவங்களுக்கு நெஞ்சுல டிபி இருந்து, மூடின ரூம்ல மாசக்கணக்குல இருமினா, பிள்ளைக்குத் தாங்காது. அதான் கேக்கறேன், வீட்ல யாராவது ரொம்ப நாளா இருமுறாங்களா?"

நாங்கள் மூவரும் மூன்று பக்கம் பார்த்தோம். ரேடியோதான் பதில் சொன்னாள்.

"எங்கப்பா இருமுவாரு! எப்படின்னு செஞ்சு காட்டட்டா?"

காட்டினாள். தொண்டையைச் செருமி, நெஞ்சைப் பிடித்து, கடைசியில் ஒரு முனகல் வரை, அச்சு அசல் மாஸ்டர். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அது பஞ்சுத் தூசி டாக்டர்" என்றார் மாஸ்டர். "எங்க தொழிலே அப்படி."

"பஞ்சா இருந்தா எனக்கும் சந்தோஷம். சளியைக் குடுத்துட்டுப் போங்க. பஞ்சுன்னு தெரிஞ்சா விட்டுடறேன்."

மாஸ்டர் சளி பிடிக்கிற டப்பாவை வாங்கிக்கொண்டு சுவரோரம் போனார், உடனே திரும்பி வந்தார். சோதனை அறையில் இருந்த பெண் டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "ஐயா, இது எச்சில். எனக்கு நெஞ்சுல இருந்து வர்ற சளி வேணும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். மாஸ்டர் பொய் அளவு கொடுத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். சீருடை ஆர்டர் முழுக்க அவர் கையில். டிபிக்காரன் தைத்த துணியை எந்தப் பிள்ளைக்கு எந்த அம்மா போடுவாள் என்ற பயம் அவருக்கு. 

அக்கா அவரைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். மெதுவாகப் பேச அவளுக்கு வராது, அதனால் எல்லோருக்கும் கேட்டது.

"உங்க கடை பெருசா, இவ முதுகு பெருசா? இவளுக்கு வந்தது வந்துடுச்சு. என் இடுப்புல ஒண்ணு தூங்குது பாருங்க, இவனையும் விட்டுக் குடுக்கணுமா? வீட்ல நாள் பூரா இருமுறீங்கல்ல, இங்க மட்டும் என்ன வெக்கம்? இருமுங்க!"

மாஸ்டர் கைக்குழந்தையின் முகத்தைப் பார்த்தார். பிறகு மூச்சை நன்றாக இழுத்து, அந்தத் தாழ்வாரமே அதிர இருமினார்.

முடிவு வந்தது. பஞ்சு இல்லை. நெஞ்சில் டிபி. இருமினால் மற்றவர்களுக்குப் பரவுகிற வகை.

அன்று மாஸ்டர் கடையில் மெஷின் முன்னால் உட்கார்ந்தார், மிதிக்கவில்லை. "ஊர் உடம்பையெல்லாம் குத்தம் சொல்லாம வாழ்ந்தேன் மாப்ளே. என் உடம்பையும் சொல்லல. அதுல இருந்த நோயை என் பிள்ளைக்குக் குடுத்துட்டேன்" என்றார். எனக்கு அவரை ஒரு அறை விடவும் தோன்றியது, கட்டிப்பிடித்து அழவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினேன். மறுநாள் டாக்டரிடமும் அவர் அதையே சொன்னார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார்.

"உங்களுக்கே தெரியாம நடந்ததுக்கு உங்க மேல பழி போடாதீங்க. அது கிருமி பண்ணின வேலை. ஆனா இப்பத் தெரிஞ்சுடுச்சு. இனிமே ஒரு வேளை மருந்தை விட்டீங்கன்னா, அது நீங்க பண்ற வேலை."

கைக்குழந்தையையும் சோதித்தார்கள். அவனுக்கு நோய் இல்லை. ஆனால் கிருமி உள்ளே புகுந்து பதுங்கியிருக்கலாம், அது தலைதூக்குவதற்குள் தடுக்க வேண்டும் என்று அவனுக்கும் சில மாதம் மாத்திரை. அக்காவையும் என்னையும் சோதித்தார்கள். எங்களுக்குத் தொல்லை எதுவும் இல்லை.

அப்புறம் எங்கள் வீடு ஒரு சின்ன மருந்துக்கடை ஆகிவிட்டது. அக்கா அதிகாரி. விடிந்ததும் பிள்ளைகளை உள்ளேயும் மாஸ்டரைக் கதவுக்கு அந்தப் பக்கமும் உட்கார வைத்துக் கொடுப்பாள். மாஸ்டர் மாத்திரையை விழுங்க முகத்தைச் சுளிப்பார். ரேடியோ "அப்பா, நான் குடிச்சுட்டேன், நீ இன்னும் குடிக்கல" என்று மானத்தை வாங்குவாள். பெரிய பாடு கைக்குழந்தையோடுதான். பொடித்துக் கலக்கி வாயில் விட்டால் புர்ரென்று துப்புவான். எப்படியோ நான் இஸ்திரி போட்டு மடித்து வைத்த சட்டையாகப் பார்த்துத்தான் துப்புவான். குறி தப்பியதே இல்லை. அக்கா மறுபடி கலக்குவாள். "நீ துப்பு, நான் விடமாட்டேன்" என்று மகனிடமே சவால். ஒரு நாளும் விடவில்லை.

ஜன்னல்களைத் திறந்துவிட்டோம். முதல் நாளே வெட்டி வைத்த காகிதக் காலர்கள் எல்லாம் தெருவில் பறந்தன. நான் அவற்றின் பின்னால் ஓடினேன். வாத்தியார் இரண்டைப் பிடித்துக் கொடுத்தார். மாஸ்டர் முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஆரம்பத்தில் கொஞ்ச காலம் கடையிலேயே, வெட்டுகிற மேஜை மேல் படுத்தார். மகளை எட்ட நின்று பார்த்தார். பேச்சு மட்டும் கதவு வழியாக நடந்தது. பெரும்பாலும் ஒரு பக்கப் பேச்சுதான், ரேடியோ என்றால் அப்படித்தானே. இருமல் குறைந்து, மறுபடி சோதித்து, இனி உங்களிடமிருந்து பரவாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் உள்ளே வந்தார்.

மகளுக்குக் கெட்டியான பெல்ட் போட்டிருந்தது. அது தோலை உறுத்தாமல் இருக்க உள்ளே மெல்லிய பனியன் தைத்தார். இந்த முறை டேப்பைக் கொண்டு, முதுகின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் அளந்து, இங்கே இவ்வளவு, அங்கே இவ்வளவு என்று முணுமுணுத்துத் தைத்தார். கவுனை விட நன்றாக உட்கார்ந்தது.

விஷயம் தெருவுக்குத் தெரியக்கூடாது என்று மாஸ்டர் எங்கள் எல்லோர் வாய்க்கும் பூட்டுப் போட்டிருந்தார். ரேடியோவுக்குப் பூட்டுப் போட யாரால் முடியும்? பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை சீருடைத் துணிகளோடு கடைக்குள் உட்கார்ந்திருந்தபோது, மளிகைக்கடைக்காரரும் சட்டைக்காக நின்றிருந்தபோது, ரேடியோ பெல்ட்டோடு நிமிர்ந்து நடந்து வந்து அறிவித்தாள்.

"டீச்சர், டீச்சர், நானும் எங்கப்பாவும் ஆரஞ்சுக் கலர்ல ஒண்ணுக்குப் போவோம்! வேற யாருக்கும் வராது. டிபி மாத்திரை சாப்பிட்டாத்தான் வரும்!"

அந்த மருந்து சாப்பிட்டால் அப்படி நிறம் மாறும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைப் பெரிய பட்டம் வாங்கியதுபோல அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். மாஸ்டர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு சிலையாக நின்றார். மளிகைக்கடைக்காரர் தன் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினார். தலைமை ஆசிரியை எழுந்திருக்கவில்லை.

"மருந்து ஒழுங்கா போகுதா?" என்று மாஸ்டரைக் கேட்டார்.

"ஒரு நாளும் விடல டீச்சர். இப்பப் பரவாதுன்னு சொல்லிட்டாங்க. வேணும்னா துணியை..."

"துணியை எதுக்கு எடுத்துட்டுப் போகணும்? டிபி துணி மேல ஏறியா வருது? இருமுற காத்துலதானே வருது. மருந்து சாப்பிடற உங்களைப் பாத்து நான் ஏன் பயப்படணும்? இருமிட்டே மருந்து சாப்பிடாம இருக்கிறவங்களைத்தான் தேடணும். தைங்க. ஜன்னல் மட்டும் திறந்தே இருக்கட்டும்."

மாஸ்டர் குனிந்து துணியில் சாக்பீஸால் கோடு போட்டார். கோடு கோணலாகப் போனது. 

சிலர் வரவில்லை, உண்மைதான். மளிகைக்கடைக்காரர் வேறொரு கடைக்குப் போனார். அங்கே அவர் வயிற்றைச் சுற்றி டேப்பைப் போட்டு, அளவை உரக்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரமே திரும்பி வந்துவிட்டார். அவர் தொப்பைக்கு மில்லைப் பழிக்கிற தையல்காரர் வேறு யார் இருக்கிறார்?

ஆனால் மாஸ்டரும் மாறித்தான் போனார். பெரியவர்களுக்கு இன்றும் அளவுச் சட்டைதான். பிள்ளைகள் என்றால் நேரே வர வேண்டும். நிற்க வைத்து, முதுகில் உள்ளங்கையால் மேலிருந்து கீழே ஒருமுறை தடவி, பொத்தானைக் கீழே போட்டு எடுக்கச் சொல்வார். அம்மாக்கள் சிரிப்பார்கள், பிள்ளைகளுக்குக் கூச்சம். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். கடையில் யாராவது இருமினால் போச்சு. "எவ்வளவு நாளா? வீட்ல சின்னப் பிள்ளை இருக்கா? சளி குடுத்தாச்சா?" என்று துருவி எடுத்துவிடுவார். சட்டை தைக்க வந்தவரிடம் சளி கேட்கிற ஒரே கடை உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும். டீக்கடையில் பாத்திரம் தேய்க்கிறவர் அப்படித்தான் ஒருநாள் திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனார். அவருக்கும் இருந்தது. அவர் வீட்டில் தவழ்கிற குழந்தைக்கு நேரத்தோடு மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது அவர் மாஸ்டருக்கு டீ கொண்டுவரும்போது சர்க்கரை ஒரு கரண்டி கூடப் போடுகிறார்.

ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. பெல்ட் கழன்றது, பிறகு மருந்தும் முடிந்தது. கடைசிச் சோதனைக்கு நாங்கள் எல்லோரும் போனோம், கடையைப் பூட்டிவிட்டு. டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குக்கு முன்னால் பிடித்தார்.

"ஆறிடுச்சு. அரிப்பு நின்னு எலும்பு ஒட்டிக்கிச்சு. சின்ன மேடு ஒண்ணு இருக்கும், அது தங்கிடும். வளர்ற வரைக்கும் அப்பப்ப வந்து காட்டுங்க. மத்தபடி ஓடட்டும், குதிக்கட்டும்."

குதிக்கட்டும் என்ற வார்த்தை முடிவதற்குள் ரேடியோ நாற்காலியிலிருந்து குதித்துவிட்டாள். தாழ்வாரத்தில் ஓடி, காவலாளியிடம் தனக்குச் சரியாகிவிட்டது என்று அறிவித்து, திரும்பி ஓடி வந்தாள். மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு வருடமாக நான் கேட்காத சிரிப்பு. எனக்குத்தான் கண் கலங்கியது. அக்கா "சிரிச்சது போதும், பிள்ளை விழுந்துடப் போவுது" என்று வழக்கம்போல அவரையே அதட்டினாள்.

டாக்டர் அப்புறம் பையனைப் பார்த்தார். கைக்குழந்தையாக இருந்தவன் இப்போது மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்று, டாக்டரின் பொம்மைக் காரைத் திருடப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டையைத் தூக்கி முதுகைத் தடவினார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், எடை பார்த்தார்.

"இவனுக்கு ஒண்ணும் வரல. சுத்தமா இருக்கான்."

அவ்வளவுதான் சொன்னார். மாஸ்டர் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார். சின்ன அழுகை இல்லை, தோள் குலுங்க அழுதார். ரேடியோ பயந்துபோய் வாயை மூடிக்கொண்டாள்.

"என்னங்க இது? அவளுக்குச் சரியாயிடுச்சுன்னதுக்குச் சிரிச்சீங்க. இவனுக்கு ஒண்ணுமே வரலன்னு சொல்றாங்க, அதுக்குப் போய் அழறீங்க?" என்றாள் அக்கா.

"அவளுக்கு நான் குடுத்ததை டாக்டரம்மா எடுத்துட்டாங்க. அது அவங்க பண்ணின வேலை" என்றார் மாஸ்டர், கண்ணைத் துடைக்காமல். "இவனுக்கு நான் குடுக்கவே இல்ல பாரு. அது நாம பண்ணின வேலை."

அக்கா பையனைத் தூக்கி அவர் மடியில் உட்கார வைத்தாள்.